உஷ் அண்ணை விட்ட மீன்

ஒஸ்லோத் தமிழர்களில் மீனுக்குக் கொடுக்கும் மரியாதையை மனிதருக்குக் கொடுக்காத ஒரே ஆள் உஷ் அண்ணைதான். குளக்கரையில் யார் வாய் திறந்தாலும் "உஷ்!" என்பார். தும்மினாலும் அதுதான். அவருடைய சொந்தப் பெயர், ஸ்ட்ரோம்மனில் நாங்கள் வேலை செய்த களஞ்சியத்தின் சம்பளப் பகுதிக்கு மட்டுமே தெரியும்.

இறகையும் நூலையும் சுற்றிப் பொய் ஈ கட்டி, தண்ணீர்மேல் வீசி ட்ரவுட் மீன் பிடிக்கிற பைத்தியம் அவருக்கு. வீட்டில் தூசி தட்டும் இறகுக்கட்டு மொட்டையாகிவிட்டது. ட்வெய்ட்டாவில் கார் தரிப்பிடத்தில் வீசிப் பழகியபோது ஒரு நோர்வேக் கிழவியின் தொப்பியைக் கொளுவி எடுத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், ஆடாமல் நின்றிருக்க வேண்டும் என்று அவளுக்கே பேச்சு விழுந்தது.

ஆனால் அவர் ஒரு மீன் பிடித்ததை எவரும் கண்ணால் கண்டதில்லை. "அண்ணை கடையிலை வாங்கிற மீனுக்குக் கதை கட்டுறார்" என்று ஹொல்ம்லியாவில் இருக்கும் பாலன் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான். அண்ணைக்கு ரோஷம் வந்துவிட்டது. மீன் வாங்கி விட்டு, காசு கட்டினவர்களைப் பிடிக்க விடும் குளம் ஒன்று வசந்தத்தில் திறந்த முதல் நாளே லீவு போட்டு, என்னையும் பாலனையும் இழுத்துக்கொண்டு போனார்.

"இண்டைக்கு அவன்ரை வாயை மூடுறன், பார்!"

குளிரில் விறைத்துப்போய் நின்றோம். எதிர்க்கரையில் பாலன் மிக்சர் கடித்ததற்குக்கூட "உஷ்!" பறந்தது.

திடீரென்று தூண்டில் தடி வளைந்தது. பெரிய மீன்!

"நூல் தளரக்கூடாது! தளர்ந்தால் கழண்டிடும். கைவலையைக் கொண்டா!"

"விடாதேங்கோ அண்ணை, வீடியோ எடுக்கிறன்!" என்று கத்தினான் பாலன்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அண்ணையின் மனைவி.

"தம்பி, இவர் போனை நிப்பாட்டிப்போட்டார். இண்டைக்குச் சித்திரா பௌர்ணமியெல்லோ! மாமியின்ரை விரதம். கஞ்சி காய்ச்சி வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

கிட்டப் போய் அவர் காதோடு சொன்னேன். அண்ணையின் முகம் வெளிறியது. தாயை இழந்தவர்கள் தாய்க்காக விரதமிருக்கும் நாள் அது. சண்டைக் காலத்தில் தாயின் செத்தவீட்டுக்குக்கூடப் போகமுடியாமல் போன மனிதர் அவர். தாய்க்கென்று அவரால் செய்யமுடிந்தது இந்த விரதம் ஒன்றுதான். ஒரு வருஷமும் விட்டதில்லை. இந்த முறை குளம் திறக்கிற அவசரத்தில் மறந்தே போனார்.

"பிடிச்சதைத் திருப்பி விட ஏலாதோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஏலாது அண்ணை. இந்தக் குளத்துச் சட்டம். கரைக்கு வந்தால் தலையிலை அடிச்சுச் சாக்காட்டி எடுத்துக்கொண்டு போகவேணும்."

மீன் காலடிக்கு வந்துவிட்டது. நான் வலையைத் தண்ணீரில் இறக்கினேன். எதிரே பாலனின் போன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வலையை வெளியிலை எடு" என்றார் அண்ணை.

தடியைத் தாழ்த்தினார். நூல் தளர்ந்தது. மீன் ஒரு முறை தலையை உதறியது, போய்விட்டது.

பாலன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணை ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்:

"கை வழுக்கிப் போச்சு."

இன்றைக்கும் கலியாண வீடுகளில் அந்த வீடியோவைப் போட்டுச் சிரிக்கிறார்கள். உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தால், "அது எனக்கும் அம்மாவுக்கும் உள்ள விஷயம், விடு" என்று அண்ணை தடுத்துவிடுகிறார். அவரும் சேர்ந்தே சிரிக்கிறார். நான்தான் அங்கே இருக்கமுடியாமல், எழுந்து வெளியே போய் நிற்கிறேன்.