விலியாமேயின் வரிக் காய்ச்சல்

"லாபத்தை இல்ல மச்சான், வித்த மொத்தத்தைத்தான் பாப்பாங்க. வருஷத்துக்கு லட்சம் டாலரைத் தாண்டினா வாட் வரிக்குப் பதிவு பண்ணியே ஆகணும்."

விலியாமேவுக்குத் தேங்காய்ப்பால் பன் தொண்டையில் நின்றது. கையில் மிஞ்சுவதைத்தான் பார்ப்பார்கள் என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்துவிட்டார். ராக்கிராக்கி ஊரில் அவருடைய பன் கடைக்கு டிசம்பரில் கூட்டம் அம்மும். போதாக்குறைக்கு, பஸ் ஸ்டாண்டு கடைக்காரன் விலை ஏற்றியபோது, "நான் ஏத்தவே மாட்டேன்" என்று சர்ச்சில் எழுந்து நின்று சொல்லியிருந்தார். வரி வந்தால் விலை ஏறும். அப்புறம் எந்த மூஞ்சியோடு சர்ச்சுக்குப் போவது?

"இப்ப எங்க நிக்குது?"

"தொட்டுடற தூரம்தான்," என்றார் சாகியூசா. மனைவி லிட்டியானாவின் அண்ணன்; கடைக் கணக்கு அவர் பொறுப்பு.

"அப்ப புது வருஷம் வரைக்கும் விக்காம இருந்துட்டா?"

"நல்லா இருக்கு உன் வியாபாரம்."

மறுநாள் விலியாமே கடையைப் பூட்டினார். ஏன் என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "காய்ச்சல்," என்றார். அதுவே வினையாகிவிட்டது.

நோயாளியை வெறுங்கையோடு பார்க்கப் போவது அந்த ஊரில் மானக்கேடு. சாயங்காலத்துக்குள் உறவெல்லாம் பாயில் வந்து உட்கார்ந்தது, ஆளுக்கொரு பன் பொட்டலத்தோடு. விலியாமே போர்வைக்குள் வியர்த்து வழிந்தார்.

"பாவம், எப்படி வேர்க்குது பாரு," என்று பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காய்ச்சல் கடுமை என்று செய்தி பரவியது. அடுத்த நாள் பாதிரியார் பாடகர் குழுவையே கூட்டிவந்தார். இன்னும் பன். விலியாமே ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுக் கடையா? மாவு புளிச்சிருக்கு. நம்ம பன்னுக்குக் கால்தூசி பெறாது."

பெரியம்மா லிட்டியானாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாதிரியார் உருகி உருகி ஜெபித்தார். "ஆண்டவரே, இவர் பொய் பேசாத மனுஷன், பேராசை இல்லாத மனுஷன்..."

விலியாமேவுக்குக் கூசிப்போயிற்று. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல ஐயா. வித்தா வரிக்குள்ள போயிடுவேன்னு படுத்துக் கிடக்கேன். எல்லாரையும் ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியம்மாவின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது. பாய்க்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

"சரி, சொல்லிட்டீங்களே," என்றார் பாதிரியார் மெல்ல. "கடையும் பூட்டித்தான் இருக்கு. அந்த எல்லையைத் தாண்டலயே?"

விலியாமே ஆவலோடு மச்சானைப் பார்த்தார்.

சாகியூசா வாயிலிருந்த பன்னை மென்று விழுங்கினார். "நேத்தே தாண்டியாச்சு மச்சான். இங்க வந்த பன் அத்தனையும் என் தங்கச்சி பின்வாசல்ல வித்தது."