மஞ்சள் தண்ணீர் தெளிக்காத ஆடு

எந்தக் கடவுளுக்கு எந்தக் காலத்தில் எந்த ஊரில் மனிதத் தலை விழுந்தது என்பது அந்தந்தக் கடவுளுக்கே மறந்து போயிருக்கலாம். பலி சாருக்கு மறக்காது.

ஹைதராபாத் நாச்சாரத்தில் நாங்கள் வேலை பார்த்த இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். போலாரத்தில் தாத்தா காலத்திலிருந்தே குடியிருக்கும் தமிழ்க் கத்தோலிக்கர். ஞாயிறு முழுக்கக் கோயில் பாடகர் குழுவில் பக்தியாகப் பாடுவார். மற்ற ஆறு நாளும் நரபலி.

நான் மதுரையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த சமயம். போலாரத்திலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் மட்டும் எப்போதும் காலியாக இருந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்து உட்கார்ந்தேன். பஸ் முதல் வளைவு திரும்புவதற்குள் மெக்சிகோவின் அஸ்டெக் பூசாரியாக மாறி ஒருவனின் நெஞ்சைப் பிளந்துவிட்டார்.

"ஜப்பான்ல பாலம் நிக்கலைன்னா அடியில ஆளையே நிறுத்தி மூடிடுவான்னு கதை இருக்குப்பா. நம்மாளு மட்டும் சும்மாவா? கொற்றவைக்குத் தன் தலையைத் தானே அறுத்துக் குடுத்திருக்கான். பூசணிக்கா உடைக்கிறோமே, கைக்கு? தலைக்குப் பதிலுப்பா!" ஹைதராபாத் பேச்சில் கைக்கு என்றால் எதற்கு.

"சார், நான் இன்னும் டிபன் சாப்பிடலை."

"சாப்பிடு, சாப்பிடு. பலியாளுக்கு நல்லாச் சாப்பாடு போடுவாங்க. உடம்புல ஒரு குறை இருக்கக் கூடாது." என் கழுத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

இப்படி ஒரு மாதம் போனபின் கம்பெனியில் மருத்துவ முகாம். டாக்டர் என் பல், கண், நாக்கு எல்லாம் பார்த்து "ஒரு குறையும் இல்லை" என்றார். வரும் வெள்ளிக்கிழமை புது உலைக்குப் பூஜை, புது வேட்டியில் வரச் சொன்னார்கள். முகாம் நடந்த அன்று சாயங்காலம் மேனேஜர் அறையைக் கடந்தபோது அவர் போனில் பேசியது காதில் விழுந்தது: "பலி கா பக்ரா மில் கயா. வோ நயா மதராசி."

எனக்கு இந்தி தெரியாது. ஆனால் பலி தெரியும். பக்ரா என்றால் ஆடு என்று பிரியாணிக் கடையில் கற்றிருந்தேன். புது மதராசி யார் என்பதற்கு அகராதி தேவையில்லை. தமிழிலும் பலிகடா என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வதுண்டே என்று இன்று தோன்றுகிறது. பலி சார் பக்கத்தில் ஒரு மாதம் பயணம் செய்தவனுக்கு அன்று தோன்றவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "உங்களை வெட்டினா உலை நிக்குமா? இருக்கிற உலையும் அணைஞ்சிரும். பேசாமப் படுங்க" என்றாள்.

மறுநாள் தலையில் கட்டு, கையில் தூளிக்கட்டு, காலில் நொண்டலோடு பஸ் ஏறினேன்.

"என்னப்பா, ஆக்சிடெண்டா?"

"குறை சார். குறை." மேனேஜர் சொன்னதைக் கிசுகிசுத்தேன்.

பலி சார் சிரித்த சிரிப்பில் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார். "அரே, உன் கழுத்து யாருக்குப்பா வேணும்! வார்ப்புல வெடிப்பு விட்டு ஒரு லோடு திரும்பி வந்திருக்குல்ல? பழி போட ஆள் தேடுறாங்க. உயிர் போகாது. வேலைதான் போகும்."

அப்பாடா என்று கட்டை அவிழ்த்தேன். பாதி அவிழ்த்தபோதுதான் வேலை என்ற சொல் உறைத்தது. ஊரிலிருந்து சாமான் வந்து இன்னும் பிரிக்கக்கூட இல்லை. மறுபடி கட்டிக்கொண்டேன்.

பழைய உலைதான் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உலையை வேலையை விட்டுத் தூக்க முடியாதே. பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். பலி சாரும் கூடவே நுழைந்தார். என்னை ஏசிக்கு அடியில் நிறுத்தி, மேனேஜர் இந்தியில் நீளமாக ஏதோ சொல்லி, "கல்தி தும்ஹாரி, ஹை நா?" என்று முடித்தார். தப்பு உன்னுடையதுதானே என்று அர்த்தமாம். இந்தியில் யார் எது கேட்டாலும் தலையாட்டுவது என் வழக்கம். அன்று ஆட்டக் கூடாது என்று கழுத்தை இரும்பாக்கி நின்றேன். அந்த நேரம் பார்த்து ஏசியிலிருந்து சில்லென்று தண்ணீர், கட்டு மறைக்காத உச்சந்தலையில் சொட்டியது. சிலுப்பினேன்.

"மான் கயா!" என்றார் மேனேஜர். ஒத்துக்கொண்டேனாம்.

"நக்கோ சாப்!", வேண்டாம் ஐயா, என்று பலி சார் பாய்ந்தார். தொடர்ந்து அவர் இந்தியில் கொட்டியதைப் பிறகு அவரே எனக்குத் தமிழில் சொன்னார்: கிரேக்கனும் சரி, நம்மூர்க்காரனும் சரி, தண்ணீர் தெளித்து ஆடு தலை சிலுப்பினால்தான் வெட்டுவான்; அது சம்மதம். ஆனால் பூசாரி தெளிக்க வேண்டும், ஏசி தெளிக்கக் கூடாது. இந்தப் பலி செல்லாது.

மேனேஜர் என் பேரை எழுதப் பேனாவைத் திறந்தார். பலி சார் அமைதியாக, எனக்கும் புரியும்படி ஆங்கிலத்தில், "லோடு மேல இருந்த பாஸ் முத்திரை என்னோடது. என் பேரை எழுதுங்க" என்றார்.

வெளியே வந்ததும், "ஏன் சார்?" என்றேன். தூளித் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கைக்கு பா அழறே? முப்பது வருஷமாப் படிக்கிறேன், ஒரு தடவை செஞ்சு பார்க்க வேணாமா?"

அவரைப் பரிசோதனைப் பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். அங்கே விடியும்போதே வேலை ஆரம்பம். கம்பெனி பஸ் ஒத்துவராது. பழைய ஸ்கூட்டரைத் துடைத்து எடுத்தார். முதல் நாள் காலை அவர் வாசலில் நான் நின்றேன்.

"உனக்கு பஸ் இருக்கேப்பா?"

"பஸ்ல தூக்கம் வருது சார்."

பின்னால் ஏறிக்கொண்டேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பழங்காலச் சீன ராஜாக்கள் கிளம்பினார்கள். காற்றில் பாதி காதில் விழவில்லை. விழாத பாதிக்கும் சேர்த்து, சிக்னலுக்குச் சிக்னல், "அப்புறம் சார்?" என்று கேட்டுக்கொண்டே போனேன்.