மூன்று ஓலையும் நான்கு கட்டடங்களும்

சேசு மரி சூசை

மாதா கம்பவுண்டு,
கல்லுமலைத் தோட்டம், ராசா வழி.
ஜப்பான் கணக்கில் 2603, சர்வேசுரன் கணக்கில் 1943, ஆகஸ்டு மாதம்.

செனாவாங் தோட்டத்தில் தேவகிருபையோடும் வாயுத் தொல்லையோடும் வாழ்ந்துவரும் மகா கனம் பொருந்திய சம்பந்தியார் சவரிராயன் அவர்களுக்கு, கல்லுமலைத் தோட்டத்து உபதேசியார் சந்தியாகு கைகூப்பி எழுதிக்கொள்ளும் ஸ்தோத்திரம். இவ்விடம் நானும், மகள் அருளாயியும், தங்கள் குமாரன் எட்வர்ட்டும் மரவள்ளிக்கிழங்கின் புண்ணியத்தால் க்ஷேமம். அவ்விடம் தாங்களும் அம்மாவும் அதே கிழங்கால் க்ஷேமமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் கிழங்கு வண்டி மாயாண்டி மூலம் பத்திரமாக வந்து சேர்ந்தது. வாசித்தேன். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் வாசித்தேன். அப்போதும் வசவு குறையவில்லை. கல்யாணமாகாத வாலிபர்களை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப் போகிறார்கள், பெண்டாட்டி உள்ளவனை விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் மகனை அங்கே அனுப்பினேன், அனுப்பியது தாலி கட்டவா கிழங்கு பிடுங்கவா, அடுத்த லாரி வந்தால் அவனுக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. உபதேசியார் வேறு மாப்பிள்ளை பார்க்கிறாரோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இது நியாயமில்லை. இந்த ஊரில் மீதியிருக்கும் வாலிபர்களை ஒரு பாயில் உட்கார வைத்துவிடலாம். தாமதத்துக்குக் காரணம் நானும் அல்ல, பெண்ணும் அல்ல. காரணம் கட்டடங்கள். ஆகையால் தாங்கள் கோபத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நமது மாதா கம்பவுண்டின் கட்டட வரலாற்றை முதலிலிருந்து தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

முதலில் கோயில். இது முதன்முதலில் அத்தாப்புக் கீற்றுக் கூரையாக இருந்தது. அதைக் கறையான் தின்றது. பிறகு பலகையும் தகரமுமாகக் கட்டினோம். அதைக் காற்று கொண்டுபோய்ப் பக்கத்துத் தோட்டத்தில் வைத்தது. பக்கத்துத் தோட்டத்தார் அது தங்களுக்குச் சர்வேசுரன் தந்த தகரம் என்று சாதித்தார்கள். கடைசியில், தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை தன் குதிரை லாயத்துக்கு வாங்கி மிச்சமான செங்கல்லைத் தானம் கொடுத்தார். செங்கல் பீடம் வரைக்கும் வந்தது, பின்சுவருக்கு வரவில்லை. ஆகையால் நம் கோயில் முன்னால் பார்த்தால் ரோமாபுரி, பின்னால் பார்த்தால் கோழிக்கூண்டு. அப்போதிருந்த பிரெஞ்சுச் சாமியார் இதற்கெல்லாம் மனம் தளராதவர். கோயில், பள்ளிக்கூடம், பங்களா, பிறகு ஒரு பெரிய கல்லூரி, அதில் தோட்டத்துப் பிள்ளைகள் இலத்தீன் படிப்பார்கள் என்று வரைபடம் போட்டு வைத்திருந்தார். கல்லூரிக்கு அஸ்திவாரக் கல்லும் நட்டார். கல் இன்றும் இருக்கிறது. அதில் கூலிகளை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி கத்தி தீட்டுகிறார்.

இந்தக் கோயிலில்தான் தங்கள் குமாரனுக்கும் என் மகளுக்கும் கல்யாண ஓலையை முறைப்படி வாசிக்கத் தொடங்கினேன். வழக்கம் தாங்கள் அறியாததல்ல. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை கேட்க வாசித்தாக வேண்டும். சாமியார் சிரம்பானிலிருந்து எப்போதாவதுதான் வருகிறார். வராத ஞாயிறுகளில் செபம் சொல்வதும் ஓலை வாசிப்பதும் என் பொறுப்பு. அருளாயி தாயில்லாத பிள்ளை. அவள் கல்யாணத்தில் ஒரு ஓலை குறைந்தது என்று நாளை எவரும் நாக்கின் மேல் பல் போட்டுப் பேசக்கூடாது. இரண்டு ஓலை வாசித்தேன். மூன்றாம் ஞாயிற்றுக்கு முன் ஜப்பான் அதிகாரி வந்து, கோயில் இனிமேல் உப்புக்கும் அரிசிக்கும் கிடங்கு என்று சொல்லிவிட்டார். அந்தோணியார் சுரூபத்தை வெளியே எடுக்கக்கூட நேரம் தரவில்லை. அவர் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நிற்கிறார். ரேஷன் நாளில் கூலிவீட்டு லயத்து ஜனம் முழுக்க, மாரியம்மன் கோயில் ஆட்களும் சேர்ந்து, வாசலில் வரிசை நிற்கிறது. கிறிஸ்மஸ் பூசைக்குக்கூட இவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை.

ஆகவே சபை பள்ளிக்கூடத்துக்கு மாறியது. மூன்றாவது ஓலையை அங்கே வாசித்து முடித்திருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். அருளாயியும் கேட்டாள். அப்படி முடியாது. கோயிலில் வாசித்த ஓலை கோயிலோடு போயிற்று. தெமியாங் ஊரில் பாதி முகமும் ராசா ஊரில் மீதி முகமும் சவரம் செய்துகொள்கிறவன் உண்டா? புதுக் கட்டடம் என்றால் முதல் ஓலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதைச் சபைக்கு விளக்கியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் மறுக்காதது எனக்குத் திருப்தியாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, பாதிப் பேர் பசி மயக்கத்தில் தலையாட்டியிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தின் வரலாறு சுருக்கமானது. அது சாமியாரின் பசு மாட்டுக்குக் கட்டியது. மாடு செத்ததும் வாத்தியாரை வைத்தோம். காலை வெயில் மாட்டுக்கு ஆகாது என்று கிழக்கே ஜன்னல் வைக்கவில்லை. முதல் ஓலையை அங்கே வாசித்த அதே வாரம் அது ஜப்பான் பாஷைப் பள்ளிக்கூடமாகிவிட்டது. பிள்ளைகள் காலையில் ஜப்பான் இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும். அந்தத் திசையில் ஜன்னல் இல்லாததால் கரும்பலகையை வணங்குகிறார்கள். கரும்பலகைக்கு மரியாதை கொடுங்கள் என்று நான் இத்தனை வருடம் கத்தியதற்கு இப்போதுதான் பலன் கிடைத்திருக்கிறது.

பிறகு சபை சாமியார் பங்களாவின் வராந்தாவுக்கு வந்தது. மறுபடியும் முதல் ஓலை. இந்தச் சமயத்தில் எட்வர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவது அழகல்ல என்று அவரை லயத்தில் ராக்கம்மா வீட்டில் வைத்திருக்கிறேன். மோட்டார் சத்தம் கேட்டால் அவர் ரப்பர் காட்டுக்குள் ஓடுகிறார். சத்தம் அடங்கினால் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சாப்பிடுகிறார். ஓட்டத்தினால் உடம்பு நன்றாக இருக்கிறது, கவலை வேண்டாம். ராக்கம்மா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வழி மறித்துச் சண்டைக்கு வருகிறாள்.

"ஏன் உபதேசியாரே, எங்க கோயில்ல ஒரு மஞ்சக் கயித்தக் கட்டுனா முடிஞ்சிச்சு கல்யாணம். உங்க சாமிக்கு மூணு தடவ சொன்னாத்தான் காதுல விழுமா? அந்தப் பையன் சோத்துல கைய வைக்கிறான், லாரின்னு எவனாச்சும் கத்துறான், ஓடுறான். பாவமா இருக்குலா!"

திருச்சபைச் சட்டத்தை ராக்கம்மாவுக்கு விளக்குவது கடினம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

பங்களாவுக்கு வருகிறேன். அதைக் கட்டிய காலத்துச் சாமியார் குள்ளம். நிலைப்படியைத் தன் உயரத்துக்கு வைத்துக்கொண்டார். சீனத்துக் கொத்தனார் படிக்கட்டு கட்ட மறந்துவிட்டதால் கொஞ்ச காலம் சாமியார் ஏணி வைத்து ஏறினார். சாகக் கிடந்த நோயாளிக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்க அவசரமாக இறங்கி, அவருக்கே கொடுக்கும்படி ஆகப் பார்த்தது. அந்தப் பங்களாவில் நான் இரண்டாம் ஓலை வாசித்துக்கொண்டிருக்கும்போது அதிகாரி பெட்டி படுக்கையுடன் குடிவந்தார். நல்ல உயரமான மனிதர். உள்ளே நுழைந்ததும் நிலையில் தலை இடித்தது. வெளியே வந்து, பக்கத்தில் நின்ற முனியாண்டியை ஒரு அறை கொடுத்தார். அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. தலை இடிக்கும்போதெல்லாம் மண்டோருக்கு அறை. இப்போது முனியாண்டி வேலையெல்லாம் விட்டுவிட்டு வாசலிலேயே நின்று, "துவான், கெப்பாலா! துவான், கெப்பாலா!" என்று, அதாவது ஐயா, தலை என்று மலாயில் கூவி, தலையைக் காத்துக்கொண்டிருக்கிறார். யாருடைய தலையை என்று நான் கேட்கவில்லை.

ஆக, இன்றைய நிலவரம் இது. சபை இப்போது ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைவீட்டில் கூடுகிறது. இது மாதா கம்பவுண்டைச் சேர்ந்ததல்ல. ஆகையால் இதன் வரலாறு எனக்கு முழுதும் தெரியாது, கறுப்பாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும். போன ஞாயிறு அங்கே மறுபடியும் முதல் ஓலை வாசித்தேன். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றதும் சபை முழுவதும் இருமியது. அதைத் தடையாக எடுத்துக்கொள்வதா இல்லையா என்று ஒரு வாரமாக யோசித்துவிட்டு, புகைக்கு இருமியதே என்று தீர்மானித்திருக்கிறேன். அன்று செபம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அருளாயி வாசலிலேயே என்னை மறித்தாள்.

"அப்பா, கட்டடந்தான் மாறிக்கிட்டே இருக்கு. மாப்புள அதேதான. பொண்ணு அதேதான."

"சட்டம்னு ஒன்னு இருக்கும்மா."

"இருக்கட்டும். லாரி ஒங்க சட்டத்த கேட்டுக்கிட்டா வரும்?"

உள்ளே போனவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் அழுதது எனக்குக் கேட்டது. எனக்கும் மனசு சரியில்லைதான், சம்பந்தியாரே. ஆனால் மனசு சரியில்லை என்பதற்காக ஓலையைக் குறைக்க முடியுமா? புகைவீட்டை எவரும் பிடுங்கமாட்டார்கள் என்று விசாரித்து அறிந்திருக்கிறேன். ஆகவே இன்னும் இரண்டே ஞாயிறு பொறுத்தருளுங்கள். மூன்றாம் ஓலை வாசித்த மறுநாள் தாலி ஏறும். அதுவரைக்கும் எட்வர்ட் ஓடுவார். நன்றாகவே ஓடுகிறார்.

அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம். சின்னப் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். சகல அர்ச்சிஷ்டவர்களும் தங்கள் வீட்டையும், அந்த வீடு இன்னும் தங்கள் கையில் இருந்தால் அதன் கூரையையும் காப்பார்களாக.

தாழ்மையுள்ள,
சந்தியாகு, உபதேசியார்.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். மாயாண்டியின் மாடு நொண்டியதால் கடிதம் நேற்றுப் போகவில்லை. இன்று காலை சாமியார் சைக்கிளில் வந்து இறங்கினார். கட்டட வரலாற்றை அவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். பங்களா வருவதற்குள்ளேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். "சந்தியாகு, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவது ஆளா, சுவரா?" என்று கேட்டார். ஓலை ஆட்களுக்குத்தானாம். எந்த இடத்தில் சபை கூடினாலும் அது அதே சபையாம். நான் வாசித்ததைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு கல்யாணத்துக்குப் போதுமாம். பூசை உடுப்பைப் போட்டுக்கொண்டு, கட்டடம் தேட எனக்கு நேரம் தராமல், ரப்பர் மரத்தடியிலேயே மந்திரம் சொல்லிக் கல்யாணத்தை முடித்துவிட்டார். ராக்கம்மா குலவையிட்டாள். சாமியார் தடுக்கவில்லை.

மத்தியானம் லாரி வந்தது. எட்வர்ட் ஓடவில்லை, பெண்டாட்டி பக்கத்தில் நின்றார். வந்தவர் நமது அதிகாரி அல்ல, வேறொருவர். கல்யாணம் எப்போது என்று கேட்டார். இன்று காலை என்று முனியாண்டி மலாயில் சொன்னார். வந்தவர் சிரித்தார். இன்று காலை நடந்ததெல்லாம் ஒரு கல்யாணமா என்பதுபோல எட்வர்ட்டின் தோளில் கையை வைத்தார். லாரியில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. அருளாயி என்னைப் பார்த்தாள். நான் முன்னால் போய் நின்றேன். உன் பெண்டாட்டி எங்கே என்று என்னைக் கேட்டார். வீட்ல இருக்கான்னு சொல்லுங்க உபதேசியாரே என்று முனியாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். கல்லறையில் என்று நானே மலாயில் சொன்னேன். அப்படியானால் நீ தனி ஆள் என்றார் அவர். கை எட்வர்ட்டின் தோளிலிருந்து என் தோளுக்கு வந்தது.

ஒரு பொய் சொல்லக்கூடாதாலா என்று முனியாண்டி தலையில் அடித்துக்கொண்டார். பொய் சொல்வது பாவம் என்றேன். பாவத்துக்குப் பயந்து மட்டும் அப்படிச் சொல்லவில்லை என்பது தங்களுக்குப் புரியும். தாங்களும் பிள்ளை பெற்றவர். பயமாகத்தான் இருக்கிறது. லாரியின் சக்கரத்தில் தாளை வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்கவும். ஒரு நடை வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அருளாயி அழுதால் மாப்பிள்ளையை விட்டுச் சமாதானம் செய்யச் சொல்லுங்கள், நான் செய்தால் அதிகம் அழுவாள். கொஞ்ச நாள் வேலைதான், முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொல்கிறார்கள். இதுவரை போனவர்கள் யாரும் திரும்பி வந்து அதைப் பொய் என்று சொன்னதில்லை.