பக்கெட் அக்காவும் ஆஸ்பத்திரி லைனும்

பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்துப் பாடம் நடத்தி, ஹாஸ்டல் வார்டனையே மாணவியாக உட்கார வைத்த ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருக்க முடியும். அவளோடு சிதம்பரத்தில் ஒரே அறையில் இரண்டு வருஷம் இருந்தேன் என்று சொல்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. நிஜப் பெயர் எம்.ஃபார்ம் வருகைப் பதிவேட்டில் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் பக்கெட் அக்கா. ஒரு முறை தபால்காரரே வாசலில் நின்று, "பக்கெட் அக்காவுக்கு ரிஜிஸ்டர் தபால்" என்று குரல் கொடுத்தார்.

நான் அப்போது பி.ஃபார்ம். ஊர் கடலூர். மருந்து உடம்புக்குள் போனபின் எவ்வளவு நேரம் இருக்கும், எப்படி வெளியேறும் என்று கணக்குப் போடும் பேப்பரில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவையும் போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் உட்கார்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது, மாப்பிள்ளை போட்டோ பார்க்க ஆரம்பித்துவிட்ட என் அத்தைக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா பண்ருட்டிக்காரி. அப்பாவுக்குப் பலாப்பழ மண்டி. சீசனில் எங்கள் அறைக்கு நம்பர் தேவையில்லை, வாசனையே வழிகாட்டும். எனக்குக் கண்டத்தைக் காட்டிய அதே கணக்கின் பெரியப்பா ஒன்று இருந்தது. ஃபார்மகோமெட்ரிக்ஸ் என்று பெயர். ஒரே மருந்து ஒரு குழந்தைக்கு எவ்வளவு, கிழவருக்கு எவ்வளவு, கிட்னி சரியில்லாதவருக்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டு முன்கூட்டியே சொல்லும் வித்தை. அக்காவுக்கு அதில்தான் தீசிஸ் செய்ய ஆசை.

பிரச்சினை என்னவென்றால், அதைச் சொல்லிக்கொடுக்க அவளுக்குத் தெரிந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கைக்கு எட்டிய புத்தகமும் கிடையாது. தீசிஸுக்குக் கைடாக இருந்த பேராசிரியர் நல்ல மனுஷர். "ஏம்மா, எனக்கே தெரியாதே. வேற எதாச்சும் எடுத்துக்கயேன்" என்றார்.

"நான் படிச்சி உங்களுக்கும் சொல்றேன் சார்" என்றாள் அக்கா. அவர் பயந்துபோய் கையெழுத்துப் போட்டார்.

அதிலிருந்து பிரௌசிங் சென்டரே அவளுக்குக் கல்லூரி. எங்கெங்கோ வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இலவசமாகப் போட்டு வைத்த பாடக் குறிப்புகளைத் தேடிப் பிடிப்பாள். பென் டிரைவில் ஏற்றினால் அந்த சென்டரின் வைரஸ் பாடத்தைத் தின்றுவிட்டு வெறும் ஃபோல்டரைத் திருப்பித் தரும். அதனால் திரையைப் பார்த்து லாங் சைஸ் நோட்டில் கையாலேயே எழுதுவாள். ஓரத்தில் தமிழில் குறிப்பு வேறு: "இந்த எடத்துல இவரு அவசரப்படுறாரு. நாம நிதானமா போவணும்."

இந்தத் துறைக்காரர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழுவிலும் சேர்ந்தாள். ஒரு நாள் ஏதோ ஒரு குளிர்தேசத்துப் பேராசிரியரின் பயிற்சிக் கணக்கில் சந்தேகம் கேட்டு எழுதினாள். மறுநாள் இரண்டு வரியில் பதில்: நீங்கள் சொல்வது சரி, தவறு என்னுடையது, நன்றி.

நான் குதித்தேன். அக்கா அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. "தப்பு என்னுதுன்னு ஒரு வாத்தியாரு எழுதிட்டாருடி. இப்படியும் எழுதலாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். நான் இரண்டாம் தடவை ஃபெயிலான மறுநாள் காலை, குளிக்கப் பெண்கள் வரிசையில் நிற்கிற நேரத்தில், அக்கா குளியலறையை மறித்துக்கொண்டு ஒரு பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்தாள். அதில் ஒரு பாட்டில் நீல மசியை ஊற்றிக் கலக்கினாள். குழாயை அளவாகத் திறந்து, தண்ணீர் வழியவிட்டாள்.

"பக்கெட்டுதான் ஒடம்பு. மசிதான் மருந்து. நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் மொண்டு வையி" என்றாள்.

துண்டும் சோப்புமாக நின்றவர்கள் முதலில் திட்டினார்கள். ஐந்தாவது டம்ளருக்கு ஒருத்தி மணி பார்த்துச் சொன்னாள். பத்தாவதுக்கு இரண்டு பேர் தங்கள் டம்ளர்களையும் எடுத்துவந்து கொடுத்தார்கள். கைப்பிடிச் சுவர் மேல் டம்ளர்கள் வரிசையாக நின்றன. முதல் டம்ளர் கருநீலம். அடுத்து நீலம். அப்புறம் வெளிறி வெளிறி, கடைசியில் வெறும் தண்ணீர். இரண்டு வருஷம் எந்த வாத்தியார் வரைந்தும் என் மண்டையில் ஏறாத அந்த இறங்குகோடு, அங்கே சுவர் மேல் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வார்டன் வந்தார். "தண்ணி இல்லாத ஹாஸ்டல்ல என்ன கூத்து இது?"

"மேடம், நீங்க பிரஷருக்கு தெனம் மாத்திரை போடுறீங்க இல்ல? அதுதான் மேடம் இது" என்று முதல் டம்ளரிலிருந்து ஆரம்பித்தாள் அக்கா. வார்டன் ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு நாளு போடாம வுட்டா?"

"இந்தக் கடைசி டம்ளரு மேடம்."

வார்டன் எழுந்து வேகமாகத் தன் அறைக்குப் போனார். அன்று மாலை அக்காவின் பெயரில் ஹாஸ்டல் கணக்கில் புது பக்கெட் ஒன்று வந்தது.

தீசிஸ் நாள் நெருங்கியபோது நிஜமான ஆபத்து வந்தது. வலிப்பு மருந்து சாப்பிட்ட குழந்தைகளின் ரத்த அளவுகளை வைத்து அக்கா ஒரு மாடல் கட்டியிருந்தாள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய அவள் கம்ப்யூட்டர் அதை ஒரு தடவை ஓட்டி முடிக்க ஆறு மணி நேரம் எடுக்கும். அப்போது கரண்ட் தொடர்ந்தாற்போல் இருந்ததோ இரண்டு மணி நேரம். நான்கு நாள் ஓட்டினாள், நான்கு நாளும் பாதியில் அணைந்தது. ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது. அக்கா முதல் தடவையாக நோட்டை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வூட்டுல கரண்ட் போவாதுக்கா. பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி. நாங்க அந்த லைனு" என்று சும்மாதான் சொன்னேன்.

மறுநாள் காலை கடலூர் போகும் முதல் பஸ்ஸில், என் பக்கத்தில், சி.பி.யூ.வைப் பழைய துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் வந்தார்.

"என்னம்மா அது? லக்கேஜ் போடணும்."

"மடியிலதான சார் வெச்சிருக்கேன்."

"மடியில வெச்சா கொழந்தையா?"

"ரெண்டு வயசுதான் சார் ஆவுது" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். கண்டக்டர் இரண்டு டிக்கெட் மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் போனார்.

எங்கள் வீட்டு மானிட்டரில் இணைத்து ஓடவிட்டாள். வோல்டேஜ் குறையக் கூடாது என்று சட்டம் போட்டாள். அம்மா வருஷக்கணக்கில் தொடாத அம்மியில் சட்னி அரைத்தாள். அப்பா இஸ்திரி போடாத சட்டையில் ஆபீஸ் போனார். அவர்கள் எதற்காக அவளுக்குக் கட்டுப்பட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

மூன்று மணிக்கு முடிந்தது. வந்த விடை அபத்தமாக இருந்தது. அக்காவின் முகம் சாம்பலாகிவிட்டது. நான் ஒவ்வொரு குழந்தையின் கோட்டையும் திரையில் தள்ளிக்கொண்டே வந்தேன்.

"அக்கா, எல்லாப் புள்ளைக்கும் கோடு எறங்குது. இவனுக்கு மட்டும் நடுவுல ஏறுதே. டம்ளரை மாத்தி வெச்ச மாதிரி இருக்குது."

அக்கா நோட்டைப் புரட்டினாள். அந்தப் பையனின் இரண்டு மணிக்கான அளவையும் ஆறு மணிக்கான அளவையும் மாற்றி டைப் அடித்திருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு மாசமா பாக்குறேன். என் கண்ணுல படல. தப்பு என்னுதுதான்" என்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி என்னை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, நாளைக்கும் மிக்ஸி போடக் கூடாது" என்றாள்.

மறுநாள் விடை சரியாக வந்தது. தீசிஸும் நேரத்துக்குப் போனது. வாய்மொழித் தேர்வில் வெளியூர் எக்ஸாமினர், "இதை யாரிடம் படித்தீர்கள்?" என்று கேட்க, அக்கா ஒன்றரைப் பக்கத்துக்குப் பெயர் பட்டியல் நீட்டினாளாம். அதில் பாதிப் பேரை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. பெங்களூரில் ஒரு கம்பெனி அவளை உடனே எடுத்துக்கொண்டது.

என் மூன்றாம் தடவை ரிசல்ட் இன்டர்நெட்டில் வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். கடலூரில் இறங்கி, பிரௌசிங் சென்டரில் பார்த்தால் பாஸ். வீட்டுக்குச் சொல்வதற்கு முன் பெங்களூருக்கு ஃபோன் போட்டேன். "அக்கா" என்றதும் அழுகைதான் வந்தது.

"தெரியும்டி. நீ அழுவாத" என்றாள் அக்கா.

"எப்படிக்கா தெரியும்?"

"காலையிலேர்ந்து வேலையே பாக்கல. உன் நம்பரைப் போட்டுப் போட்டுப் பாத்துக்கினு இருந்தேன்."

என் ரெஜிஸ்டர் நம்பரை ஹால் டிக்கெட் பார்க்காமல் என்னாலேயே சொல்ல முடியாது. அக்காவுக்கு அது மனப்பாடமாக இருந்தது.