ஆதாரபுரியில் ஓர் அடிக்குறிப்பு

பேனாவை எடுத்துவிட்டால் எழுதிவிடுவேன். அதனால் எடுக்கக்கூடாது. கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம், அப்போது நடுங்குவதும் தெரியாது. கையை மறைக்கிறாள் என்று இவர்கள் நினைப்பார்களோ? நினைக்கட்டும். இந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று. தெரியாதது போல முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு மட்டும் வரவில்லை.

இப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பெயர் செங்கமலம். ஆதாரபுரி என்னும் நாட்டின் சட்டப் பீடத்தில் அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. அவளுக்கு எதிரே சட்ட அமைச்சர் ஆலாலசுந்தரம் உட்கார்ந்திருந்தார். மேசையில், அன்றே அச்சுக்குப் போகவேண்டிய ஒரு நூலின் படி திறந்து கிடந்தது. அவள் அதில் எழுதவேண்டியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் விழுந்தால் உவர்மேட்டுக் கரையில் உப்புப் பாத்திகளுக்கு நடுவே இருக்கும் வீடுகளெல்லாம் பிரிக்கப்படும். வேலிக் கம்பங்களை ஏற்றிய வண்டிகள் காலையிலேயே கரைக்குப் போய்விட்டன. வண்டிக்காரர்கள் மாடுகளை அவிழ்க்காமல் காத்திருப்பதாகத் தகவல் வந்திருந்தது.

ஒரு சொல்லுக்காக வண்டிகள் காத்திருப்பது வேறு நாட்டவர்களுக்கு விளங்காது. ஆதாரபுரியில் அதற்கு ஒரு வரலாறு உண்டு.

முன்னொரு காலத்தில் அங்கே ஒரு நீதிபதி, சட்டம் இப்படிச் சொல்கிறது என்று சொல்லி ஒரு குயவரைத் தூக்கில் போட்டார். எந்தச் சட்டம் என்று பிறகு தேடினார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை. நாடு வெட்கப்பட்டது. அன்றிலிருந்து, சட்டத்தைப் பற்றி எழுதுகிற எவரும் ஒவ்வொரு கூற்றும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பக்கத்தின் அடியில் சொல்லியாக வேண்டும் என்று விதி வந்தது. எழுதியவர் சொன்னால் மட்டும் போதாது. பீடத்தில் ஒருவர் அந்த மூல நூலை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் கண்ணால் படித்துப் பார்த்து, குறிப்பின் ஓரத்தில் 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தச் சொல் இல்லாத நூல் அச்சேறாது. அச்சேறாத எதுவும் நீதிமன்றத்தில் செல்லாது.

செங்கமலம் இந்த வேலைக்கு விரும்பி வந்தவள். வீட்டில் பேச்சு எப்போதும் அப்பாவின் குரல் உயரும் இடத்தில் முடிந்துவிடும். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்க முடியாத வீடு அது. ஒரு வாக்கியத்தைப் பார்த்து, நீ எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவும், பதில் வரும்வரை அதை வாசலிலேயே நிறுத்திவைக்கவும் ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு மூச்சு சீரானது போல இருந்தது.

பிறகு இப்போதைய அரசர் வந்தார். ஆதாரபுரியில் அரசரைத் தேர்தலில்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து மனுச் செய்தவர்கள், தாங்கள் இந்த நாட்டில் பிறந்தவர்கள் என்பதற்குத் தங்கள் தாய்மாரைச் சாட்சிக்கு அழைத்து வந்தார்கள். தாய் என்பவள் அச்சில் வந்த நூல் அல்ல என்று சுட்டிக்காட்டப்பட்டு மனுக்கள் தள்ளப்பட்டன. அரசர் ஏகமனதாக வென்றார்.

அவருடைய முதல் கட்டளை வடிவம் பற்றியது. அடிக்குறிப்பின் எழுத்து மேலே உள்ள எழுத்தில் பாதி அளவாக இருக்கவேண்டும். ஆசிரியர் பெயருக்குப் பின் காற்புள்ளி, நூற்பெயருக்குப் பின் அரைப்புள்ளி. ஒழுங்கு நல்லதுதானே என்று செங்கமலமும் நினைத்தாள். ஆனால் இந்த விதி சட்ட நூல்களோடு நிற்கவில்லை, குடிமக்கள் கொடுக்கும் மனுக்களுக்கும் வந்தது. வெறிநாய் கடித்த ஒருவர் மருந்து கேட்டுப் போட்ட மனு காற்புள்ளி இல்லாமல் திரும்பியது. திருத்திய மனுவை அவருடைய மனைவி கொண்டுவந்தபோது, மனுதாரர் நேரில் வரவில்லை என்று கோப்பு மூடப்பட்டது.

அடுத்த கட்டளை, ஒருவர் தான் கண்டதையும் தனக்கு நேர்ந்ததையும் ஆதாரமாகக் காட்டக்கூடாது என்றது. அதில் தன்னலம் கலந்திருக்குமாம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வெள்ளம் புகுந்து நெல்லெல்லாம் போயிற்று. நிவாரணம் கேட்டவர்களிடம் வெள்ளத்துக்கு மேற்கோள் கேட்டார்கள். அந்த ஆற்றைப் பற்றி அரண்மனைப் புவியியலாளர் எழுதிய நூல் ஒன்றுதான் இருந்தது. அது அந்த ஆற்றைச் சாந்தமானது என்று வருணித்திருந்தது. ஊரார் இடுப்பளவு நீரில் நின்றபடி, பொய்யான தகவல் தந்த குற்றத்துக்குத் தண்டம் கட்டினார்கள்.

அதற்கும் பிறகு, நூலகத்தில் இருந்த பழைய நூல்கள் அனைத்தும் பைண்டு செய்ய அனுப்பப்பட்டன. எப்போது திரும்பும் என்று கேட்டவர்களுக்கு, கேள்வியில் அடிக்குறிப்பு இல்லை என்று பதில் வந்தது.

இந்த நிலையில்தான் அரசரின் மைத்துனருக்கு உவர்மேட்டில் ஒரு துறைமுகம் கட்டலாம் என்று தோன்றியது. அந்தக் கரை ஆதிமுதல் அரசருடையது என்று நிறுவ ஒரு சட்ட ஆய்வு நூல் தயாரானது. கரை மக்கள் எதிர்மனுப் போட்டார்கள். அவர்கள் சார்பில் பீடத்தின் ஜன்னலுக்கு வாரம் தவறாமல் வந்தவள் முத்திருளாயி. உப்புப் பாத்தியில் வெந்து வெளுத்த பாதங்களோடு வந்து நிற்பாள். அங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு அச்சில் ஆதாரம் காட்டு என்று ஒவ்வொரு வாரமும் அவளிடம் சொல்லப்பட்டது. ஒரு நாள் அவள் எழுத்தரை விட்டுவிட்டு உள்ளே இருந்த செங்கமலத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏந்தாயி, நாங்க அள்ளுன உப்பைப் போட்டுத்தானே தினமும் சோறு திங்கிறீங்க. அந்த உப்பு எங்கருந்து வந்துச்சுன்னு என்னிக்காவது புஸ்தகத்துல பாத்துட்டா வாய்ல வச்சீங்க?"

எழுத்தர்கள் சிரித்தார்கள். முத்திருளாயியும் சிரித்தாள். செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பைண்டு செய்யப் போன நூல்களில் ஒன்றை அவள் முன்பு வேறொரு குறிப்புக்காகத் திறந்திருக்கிறாள். உவர்மேடு உப்பு விளைவிப்போருக்குப் பொது என்று அதில் ஒரு வரி இருந்தது. வலப்பக்கம், மேலிருந்து கொஞ்சம் கீழே. கண்ணை மூடினால் அந்த வரி தெரிகிறது. ஆனால் அவள் கண்ணுக்குள் இருப்பது மேற்கோள் ஆகாது. எதற்கெல்லாம் தான் 'கண்டேன்' என்று எழுதியிருக்கிறோமோ அதெல்லாம் செல்லும், தான் உண்மையில் கண்டது மட்டும் செல்லாது என்பதை அவள் அன்று இரவுச் சோற்றின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். சோற்றில் உப்பு சரியாகவே இருந்தது.

ஆய்வு நூலின் படி அவள் மேசைக்கு வந்தது. மற்றக் குறிப்புகளெல்லாம் சரியாக இருந்தன. கரை அரசருடையது என்ற அந்த ஒரு வாக்கியத்தின் குறிப்பு மட்டும், 'கடற்கரைச் சட்ட மரபுகள்' என்ற நூலைக் காட்டியது. எடுத்துப் பார்த்தாள். அதே வாக்கியம் அங்கே இருந்தது. அதற்குக் கீழே இருந்த குறிப்பு, பீடத்தின் காலாண்டிதழில் வந்த ஒரு கட்டுரையைக் காட்டியது. இதழை எடுத்தாள். கட்டுரையிலும் அதே வாக்கியம். அதன் அடிக்குறிப்பு, விரைவில் வெளிவரவிருக்கும் ஓர் ஆய்வு நூலைக் காட்டியது. அவள் மேசையில் கிடந்த நூல்தான் அது.

படியேறிப் போய்க் கதவைத் திறந்தால் ஏறத் தொடங்கிய இடத்திலேயே நிற்பது போல இருந்தது. பிறகு தன் மேலாளர் விடங்கரிடம் போனாள். விடங்கர் கெட்டவர் அல்ல. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அதைப் பத்திரமாகக் கழித்துவிட வேண்டும் என்ற ஒரே கவலையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அதனால என்னம்மா? மூணு பேர் சொல்லியிருக்காங்கல்ல?"

"மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கையைக் காட்டுறாங்க ஐயா."

"ஆய்வுலகத்துல அதுக்குப் பேருதாம்மா ஒருமித்த கருத்து."

சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். டம்ளரை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இந்த ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடு, பீடத்தில் உனக்குத் தந்திருக்கும் வீடு உனக்கு வேண்டாமா என்று கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவள் எங்கே போவாள் என்ற கவலையில் கேட்டார். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

அவள் எழுதவில்லை என்று தெரிந்ததும் அமைச்சரே பீடத்துக்கு வந்துவிட்டார். துணை அமைச்சர், அரண்மனை வழக்கறிஞர், நடவடிக்கைகளை எழுத ஓர் எழுத்தர், ஓரமாகத் தேநீர் டம்ளரோடு விடங்கர் என்று அறை நிறைந்தது. வெளியே தாழ்வாரத்தில் முத்திருளாயியும் கரைக்காரர்கள் சிலரும் நிற்பது கதவு திறக்கும்போதெல்லாம் தெரிந்தது.

அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பொறுமையாகத்தான் தொடங்கினார். அடிக்குறிப்பு என்பது அறிவின் பணிவு என்றார். முன்னோர் தோளில் நாம் நிற்கிறோம் என்பதன் ஒப்புதல் என்றார். பிறகு துணை அமைச்சரைப் பார்த்து, இந்தக் குறிப்பின் மூலத்தை நீங்கள் கண்டீர்களா என்று கேட்டார்.

வழக்கறிஞர் கண்டிருப்பதால் தானும் கண்டதாகவே கொள்ளலாம் என்றார் துணை அமைச்சர். வழக்கறிஞர், விடங்கரின் நீண்ட அனுபவத்தின் மீது தமக்கு முழு நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார். விடங்கர் தரையைப் பார்த்துக்கொண்டு, அமைச்சர் கேட்கிறார் என்றால் இருக்கத்தான் செய்யும் என்றார். எழுத்தர் எல்லாவற்றையும் எழுதினார்.

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்று செங்கமலத்துக்குத் தோன்றியது. பொய் சொல்ல ஒருவன் தனியாக நிற்கவேண்டும். இங்கே ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்திருக்கிறார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தால் இவர்கள் விழுவார்கள், அல்லது என் மேல் விழுவார்கள். முதுகு வலித்தது. சாய்ந்துகொள்ள வேண்டும் போல அவளுக்கும் இருந்தது.

"நாங்கள் நால்வரும் கண்டுவிட்டோம்," என்றார் அமைச்சர். "எஞ்சியிருப்பது உங்கள் ஒருவருடைய கையெழுத்து. தயக்கம் யாது?"

மூன்று நூல்களையும் அவள் மேசையில் வரிசையாகத் திறந்து வைத்திருந்தாள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு விரலை நகர்த்திக் காட்டினாள். விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இதற்குக் கீழே ஏதாவது இருந்தால் காட்டுங்கள் ஐயா, பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றாள்.

அமைச்சரின் முகம் சிவந்தது. வெளியே வண்டிக்காரர்களிடமிருந்து வந்த ஆள், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டு நிற்பதாகக் காவலர் வந்து சொன்னார். அவரைக் கையை வீசி வெளியே அனுப்பிய அமைச்சர், அதுவரை பேசிய ஏட்டுத் தமிழை விட்டு இறங்கினார்.

"ஒவ்வொண்ணுக்கும் கீழ என்ன இருக்குன்னு தோண்டிக்கிட்டே போனா இந்த நாட்டுல எதும்மா நிக்கும்? அரசர் ஜெயிச்சார்னு அரசிதழ் சொல்லுது. அரசிதழ் அரண்மனை அறிவிப்பைப் பாத்துச் சொல்லுது. அரண்மனை அறிவிப்பு யார் உத்தரவுல வந்துச்சு? அரசர் உத்தரவுல. அதுக்காக அரசர் இல்லைன்னு ஆயிடுமா?"

வழக்கறிஞர் தன் காலணியைப் பார்த்தார். துணை அமைச்சர் கூரையைப் பார்த்தார். விடங்கருடைய டம்ளர் தட்டில் மோதி ஒலித்தது. யாரும் கேட்காத கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லிவிட்டிருந்தார்.

எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, மிகப் பணிவாக, "ஐயா, இதையும் எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றார் அமைச்சர். அந்தச் சொல்லை இரண்டு தரம் சொன்னார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு செங்கமலத்தின் பக்கம் குனிந்தார். இப்போது அவர் குரல் கெஞ்சலுக்கு அருகில் வந்திருந்தது. பீடத்தின் தலைமைப் பதவி காலியாகப் போகிறது என்றார். வீடு அவள் பெயருக்கே எழுதித் தரப்படும் என்றார். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே குரலில் சொன்னார். சொல்லி முடித்துத் தன்னுடைய பேனாவையே மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார்.

செங்கமலம் மேசைக்கடியில் இருந்த கைகளை வெளியே எடுத்தாள். அவை நடுங்கின. நடுங்கட்டும் என்று மேசை மேலேயே வைத்தாள்.

வீடு போய்விடும். நாளைக்கு இந்த நாற்காலியில் எழுதத் தெரிந்த வேறு யாரோ உட்காருவார்கள். இன்றைக்கு வண்டிக்காரர்களிடம் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டச் சொல்லவேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள். கரைக்குக் கிடைக்கும் அந்த ஒரு நாளுக்கு நான் போதும்.

"நான் பார்க்கலை ஐயா," என்றாள். யாரையும் குற்றம் சொல்லும் குரலாக அது இல்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

பேனாவை நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. அவள் பேனாவை வாங்கவும் இல்லை.