பஞ்சுவின் வயிறும் அப்பாவின் குரலும்

கணக்கிலும் கண்டிப்பிலும் ஒரு புள்ளி பிசகாத என் ஆடிட்டர் சித்திக்கு,

உங்கள் அக்கா பெற்ற வால் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அந்த 'அனைவரும்' என்பதில் மொத்தம் எத்தனை பேர் அடக்கம் என்பதை மட்டும் எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்வார்களாம். கடிதம் என்றாலே என்னுடையதில் பாதி கடி என்பீர்கள். இதில் கடி கொஞ்சம், பிறாண்டல் நிறைய. போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். போனில் என் குரலை நம்ப இப்போது ஆளில்லை. அப்பாவின் குரலை நம்பவும் ஆளில்லை. அது என்னால் அவருக்கு வந்த வினை. அதனால்தான் கால்நடை டாக்டரின் கிளினிக்கில், முறைக்கும் நாய்க்கும் புலம்பும் கிளிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டு எழுதுகிறேன். சாயங்காலம் அப்பா நேரில் கொண்டுவந்து தருவார். அவர் முகத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது எனக்கான முகம்.

உங்கள் பூனைகள் பருத்தியும் பஞ்சுவும் கூடப் பிறந்தவர்கள், ஒரு வயதானால் ஒரே வீட்டில் வைக்க முடியாது, அதற்கு இன்னும் நாளிருந்தாலும் இப்போதே பிரித்துவிடுவதுதான் முறை என்று நீங்கள் முடிவு செய்ததும், அண்ணனை உங்களிடம் வைத்துக்கொண்டு தங்கையை எங்களிடம் அனுப்பத் தீர்மானித்ததும் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பஞ்சு நன்றாக வளர்ந்த பிறகு ஒரே ஒரு பிரசவம், அதற்கு வெளியிலிருந்து இதயமும் சிறுநீரகமும் பரிசோதித்த மாப்பிள்ளை, குட்டிகள் பிறக்குமுன்பே அவற்றுக்கு வீடு, அதன்பின் அவளுக்கும் கருத்தடை ஆபரேஷன் என்று நீங்கள் போட்டுவைத்த திட்டத்தை அம்மா சொல்லக் கேட்டேன். நான் பிறந்தபோது இதில் பாதிகூட யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நீங்கள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பஞ்சு வருமுன் எங்கள் மேனேஜருக்கு ஆபரேஷன் முடிந்திருக்க வேண்டும். (நாள் முழுக்க நாற்காலியில் தூங்குவதால் எங்கள் பூனைக்கு அந்தப் பதவி.) அப்பாவும் ஒழுங்காக நேரம் வாங்கினார். அதைக் கெடுத்தது நான்.

என்ன செய்வது சித்தி, மேனேஜருக்கு அப்போது ஐந்து மாதம்கூட நிறையவில்லை. என் ஜோக்கையெல்லாம் அறுவை என்று சொல்கிறார்களே, அவனுக்கு நிஜ அறுவையா என்று மனசு கேட்கவில்லை. ஓர் ஆணுக்கு இன்னோர் ஆண் இந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று, அப்பாவின் குரலில் கிளினிக்குக்குப் போன் செய்து, பூனைக்கு ஜலதோஷம் என்றேன். கவுண்டரில் இருக்கும் அக்கா அடுத்த வாரம் கொடுத்தார். அடுத்த வாரம் குடும்பத்தோடு வெளியூர் என்றேன். அதற்கடுத்த வாரம் காரணம் தீர்ந்துபோய், "அவன் இன்னும் குழந்தைம்மா" என்று தழுதழுத்தேன். இந்த வயசுல பண்றதுதான் சார் நல்லது, சீக்கிரம் ஆறிடும் என்று அந்த அக்கா பொறுமையாகச் சொன்னார். நான் அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமி வைத்துவிட்டேன். வீட்டில் என் சொந்தக் குரலில், டாக்டர் லீவாம் என்றேன். பஞ்சு வராமல் போய்விடுவாளோ என்ற அவசரத்தில் இன்னொரு போனும் செய்தேன். "எல்லாம் முடிஞ்சுது, தாராளமா அனுப்பு" என்று உங்களிடம் சொன்ன அந்த அத்தான் நான்தான். 'குழந்தைங்கதானே, பரவாயில்ல'ன்னு சித்தியே சொல்லிட்டாங்க என்று அம்மாவிடம் சொன்னதும் நானே.

பஞ்சு வந்து ஒரு மாதமாகிறது. இந்த வாரம் அவள் வயிறு உருண்டுவிட்டது. அம்மா முதலில் என் தட்டுச் சோற்றைச் சந்தேகப்பட்டாள், பிறகு மேனேஜரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அப்பா பதறிப்போய் கிளினிக்குக்குப் போன் செய்தார். எங்கள் வீட்டில் நடந்திராத மர்மமாக, மூன்று தேதியும் அவரே தள்ளிவைத்ததாக அந்த அக்கா சொல்ல, அப்பா கத்த, அந்த அக்காவுக்கு உண்மை பளிச்சென்று புரிந்துவிட்டது. ஆனால் ஆள்தான் மாறிவிட்டது. "தம்பி, போனை வெச்சுட்டுப் போய்ப் படி. போன தடவை அப்பா குரலை இதைவிட நல்லாப் பண்ணினே" என்று வைத்துவிட்டார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அதையும் அப்பா வழியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

இன்று காலை நேரில் வந்தோம். மேனேஜருக்கு ஆபரேஷன் முடிந்து, நாக்கு லேசாக வெளியே நீட்டியபடி மயக்கத்தில் கிடக்கிறான். பெண்டாட்டி பிள்ளை விஷயத்தில் வசமாக மாட்டியவன் முகம். டாக்டரம்மா பஞ்சுவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் கோபப்படாமல் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "இவளே குழந்தைப்பா. எலும்பு இன்னும் வளர்ந்துட்டு இருக்கு. பிரசவத்துல சிக்கல் வந்தா வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. பஞ்சு தினமும் என் பள்ளிக்கூடப் பைக்குள் தூங்குவாள் சித்தி. புத்தகத்தைவிட எடை குறைவு. அவள் இருப்பது தெரியாமல் ஒருநாள் பஸ் நிறுத்தம் வரை தூக்கிப் போயிருக்கிறேன். அவளுக்கு ஏதாவது ஆனால் உங்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது? மேனேஜர் செய்ததற்கும் அவனை விட்டுவைத்த நான் செய்ததற்கும் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். குட்டிகளுக்கு வீடு தேடுவது என் பொறுப்பு. பூனைகள் வெளிக்குப் போகும் மணல் தட்டை அள்ளுவது நான் மீசை முளைத்து வீட்டைவிட்டுப் போகும் வரை என் பொறுப்பு.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். என்னைத் திட்டும்போது உங்களுக்கு மூச்சு வாங்காமல் இருக்க என் மனமார்ந்த பிரார்த்தனை. தங்கையின் நிலைமையைப் பருத்தியிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், சின்னப் பையன், மனசு உடைந்துவிடுவான்.

இப்படிக்கு,
தலைகுனிந்த,
வால் சுருண்ட,
உங்கள் அக்கா மகன்.

பின்குறிப்பு: எக்ஸ்ரே வந்துவிட்டது. நான்கு குட்டி முதுகெலும்புகள் தெளிவாகத் தெரிகின்றன. அதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். வயிற்றில் எலும்பு இப்படித் தெரிய வேண்டுமென்றால் ஒன்றரை மாதமாவது ஆகியிருக்க வேண்டுமாம். "உங்க வீட்டுக்கு வந்து ஒரு மாசம்தானே? அதுக்கு முன்னாடி இவ யாரோட இருந்தா?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார், நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். பூனைகள் ஒரு வயதுவரை காத்திருக்காதாம் சித்தி. நாலைந்து மாதத்திலேயே ஆரம்பித்துவிடுமாம். மேனேஜர் நிரபராதி. ஆனால் தண்டனை காலையிலேயே நிறைவேறிவிட்டது. எப்படியும் பண்ண வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சமாதானம் சொல்கிறார், அவனிடம் இல்லை, என்னிடம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில் பூனை சம்பந்தப்பட்ட பகுதியை வாபஸ் வாங்குகிறேன்; போன் சம்பந்தப்பட்டது அப்படியே இருக்கட்டும். பஞ்சுவைப் பிரசவம் வரை டாக்டரம்மாவே கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வார். குட்டிகளுக்கு வீடு தேடுவதை நாம் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். அப்பா கையில் ஒரு காலிக் கூடை இருக்கும், அது காலியாகத் திரும்பக் கூடாதாம். நாளைக் காலை ஆபரேஷனுக்கு முதல் ஆள் அவன்தான். தயவுசெய்து இன்றிரவு பருத்திக்குச் சாப்பாடு போட்டு அனுப்பாதீர்கள்.