குடியிருப்போர் நலச் சங்கம்

"சும்மா போய் உட்கார்ந்துட்டு வரக்கூடாது. வாயைத் திறந்து பேசிட்டு வரணும்" என்றாள் டெய்லரின் மனைவி.

கட்டடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. பைக்குள் அவளுடைய மாற்றுத் துணி.

"பேசாம வந்தா?"

"இப்படியே பஸ் பிடிச்சு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

மச்சான் என்றாலே டெய்லருக்குப் பயம். அதைவிட, அவள் இல்லாத வீட்டை நினைத்தால் தொண்டை வறளும். தொண்டை வறண்டால் அவர் என்ன செய்வார் என்பதுதான் பிரச்சினையே.

வாசலில் வாட்ச்மேன். தெரிந்த ஆள். அவர் போட்டிருந்த சட்டை டெய்லர் தைத்தது. காலர் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. எந்த நிலையில் தைத்தது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். இவரிடம் போய், குடியை நிறுத்துகிறவர்கள் கூட்டம் எங்கே என்று எப்படிக் கேட்பது?

"இங்க ஏதோ... தண்ணிப் பிரச்சினைக்குக் கூட்டம்னாங்களே?" என்று இழுத்தார்.

"ரெண்டாவது மாடிண்ணே."

மாடியில் எல்லாக் கதவுகளும் சாத்திக் கிடந்தன. திறந்திருந்த ஒரே கதவுக்கு மேலே பலகை தொங்கியது: 'குடியிருப்போர் நலச் சங்கம்'.

டெய்லருக்குத் திக்கென்றது. அடப்பாவி, நிஜத் தண்ணிக்கே அனுப்பிவிட்டானே!

திரும்புவதற்குள் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க! வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் பார்க்கறது எல்லாருக்கும் வழக்கம்தான்."

ஜன்னல் வழியே டீக்கடை தெரிந்தது. மனைவி பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போதே இறங்கினால் பஸ்தான். சரி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவோம் என்று டெய்லர் ஓர் ஓரத்து நாற்காலியில் ஒடுங்கினார்.

பஸ் டிரைவர் ஒருவர் எழுந்தார். "எட்டு மாசமா என் வீட்டுல ஒரு சொட்டு கிடையாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். டெய்லர் அசந்துபோனார். இதற்கெல்லாமா கைதட்டுவார்கள்? பக்கத்தில் இருந்த நர்ஸம்மாவிடம் குனிந்து, "ஏங்க, நீங்க யாரும் புகார் கொடுக்கலையா?" என்று கேட்டார்.

"யார் மேல?"

"தண்ணி விடாதவங்க மேல."

"புகார் கொடுத்து என்ன ஆகப்போகுது? நாமளா பார்த்து விட்டாத்தான் உண்டு."

ஐயோ பாவம், தண்ணீர் விடும் வேலையும் இவர்கள் தலையிலா என்று டெய்லர் உச்சுக்கொட்டினார்.

"புதுசா வந்தவர் ஒரு வார்த்தை பேசலாமே?" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

டெய்லர் எழுந்தார். தப்பித்துக்கொள்ள ஒரே வழிதான் தோன்றியது. "எங்க வீட்டுல தண்ணிப் பிரச்சினையே இல்லைங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "நானும் முதல் நாள் இதையேதான் சொன்னேன்" என்றாள் நர்ஸம்மா.

"இல்லைங்க, நிஜமாத்தான். தாராளமா கிடைக்குது. விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவோம்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?"

"ஒரு டேங்க். விருந்தாளி வந்தா கூடக் கொஞ்சம்."

டிரைவர் கையிலிருந்த டம்ளர் நழுவியது. "டேங்க்கா! வீட்டுல அவங்க ஒண்ணும் சொல்றதில்லையா?"

"அவதானே எல்லாருக்கும் மொண்டு கொடுக்கறவ!"

"வீட்டுல குழந்தை இருக்கா?" நர்ஸம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஒரு பொண்ணு. பாட்டில்ல ஊத்தி ஸ்கூல் பையில வெச்சுடுவோம். அவங்க மிஸ்ஸே சில நாள் கேட்டு வாங்கிக் குடிப்பாங்களாம்."

நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழுக்கைத் தலைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

டெய்லருக்கு மனசு உறுத்தியது. தங்களுக்குச் சொட்டு இல்லாத நிலையிலும் அடுத்த வீட்டுக்காக அழுகிறார்களே! இவர்களிடமா கதை அளப்பது?

"மன்னிச்சிடுங்க" என்றார். "நான் வழி தப்பி வந்துட்டேன். நான் இங்க குடியிருக்கிறவன் இல்லைங்க. குடிகாரன். கை நடுங்காம ஒரு காலர் தைக்கணும். கீழே என் பொண்டாட்டி மடியில ஒரு பை இருக்கு, அது திரும்ப வீட்டுக்கு வரணும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு."

அறையே அதிரும்படி கைதட்டல். வழுக்கைத் தலைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இப்பத்தான் நீங்க பேசியிருக்கீங்க. வாரா வாரம் வந்துடுங்க."

"முதல்ல அந்த டேங்க்கைக் கவுத்துடுங்க" என்றார் டிரைவர்.

டெய்லர் படியிறங்கியபோது மனசு பஞ்சாக இருந்தது. வாசலிலேயே மனைவி நின்றாள்.

"பேசினீங்களா?"

"பேசினேன். மனசுல இருந்ததெல்லாம் கொட்டிட்டேன். ஆனா..."

"என்ன ஆனா?"

"கூட்டம்தான் மாறிப்போச்சு. இது இங்க குடியிருக்கிறவங்க தண்ணி வரலைன்னு போட்ட கூட்டம். தங்கமான மனுஷங்க. எனக்காக அழுதாங்கன்னா பாரேன்!"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தெருமுனையில் பஸ் திரும்பியது.

வாட்ச்மேன் கோணல் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே குறுக்கே வந்தார்.

"பையை இறக்குங்கக்கா. இது பூரா ஆபீஸ் கட்டடம், இங்க ஒருத்தரும் குடியிருக்கலை. டெய்லரண்ணே, மறுபடியும் மேல போய் அந்தப் பலகையை 'குடி'ன்னு கொஞ்சம் நிறுத்திட்டு, அப்புறமா மிச்சத்தைப் படிங்க!"